எந்தக் கோட்டில் எழுதுவது?

இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குப் புதிதாக வந்து சேர்கிற தமிழ்க் குடும்பங்கள் ஆகஸ்ட் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே எனக்கு போன் போட்டுக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, இந்த நோட்டுல எந்தக் கோட்டுல எழுதணும்?" ஊரில் பெரிய படிப்பு படித்தவர்கள்கூட இதைக் கேட்டிருக்கிறார்கள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் காரைக்காலில் இருந்து வந்தபோது நானும் கேட்டேன், அதனால் சிரிக்க மாட்டேன்.

அந்த நோட்டைத் திறந்தால் கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். நம் ஊர் நாலு கோடு நோட்டு பழகிய கண்ணுக்குத் தலை சுற்றும். நிதானமாகப் பாருங்கள். படுக்கைவாக்கில் அழுத்தமான கோடு 8 மி.மீ.க்கு ஒன்று. இரண்டு அழுத்தக் கோடுகளுக்கு நடுவே மெல்லியதாக மூன்று கோடு, ஒவ்வொன்றும் 2 மி.மீ. தள்ளி. செங்குத்தாகவும் 8 மி.மீ.க்கு ஒரு கோடு, இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு மார்ஜின். இதற்கு செய்யேஸ் கோடு என்று பெயர். பாரிசுக்குப் பக்கத்தில் பொன்த்வாஸ் என்ற ஊரில் புத்தகக் கடை வைத்திருந்த செய்யேஸ் என்பவர் 1892இல் பதிவு செய்தது, இன்றைக்கும் பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் இதில்தான் எழுதுகிறார்கள்.

உட்கார வேண்டியது அழுத்தமான கோட்டில் மட்டும். மெல்லிய கோடுகள் உயரம் பார்ப்பதற்கு. ஏ, எம், என் மாதிரி குட்டை எழுத்துக்கு ஒரு இடைவெளி, அதாவது 2 மி.மீ. டி-யும் (நாய்க்கு வருகிற டி) டீ-யும் (தேநீர் டீ) இரண்டு இடைவெளி ஏறும். எல், பி (பந்துக்கு வருகிற பி), ஹெச், கே, எஃப் இவற்றின் கொக்கி மூன்று இடைவெளி வரை போகும். கீழே தொங்குகிற ஜி, ஒய் வால் இரண்டு இடைவெளி இறங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், வரிக்கு நான்கு இடைவெளிதான் இருக்கிறது, மேல்வரி வால் இரண்டு இறங்கி கீழ்வரி கொக்கி மூன்று ஏறினால் இடிக்குமே என்று தோன்றும். இடிக்கும்தான். அதனால்தான் சின்ன வகுப்பில் பல டீச்சர்கள் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொல்கிறார்கள். பிள்ளை காகிதத்தை வீணாக்குகிறது என்று திட்டாதீர்கள்.

சரி, கர்சிவ் என்றால் என்ன? சாய்த்து எழுதுவது, வளைத்து எழுதுவது, அழகாக எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். லத்தீனில் ஓடுவதற்கு ஒரு வினைச்சொல் உண்டு, அதில் இருந்து வந்த பெயர் இது. ஓடும் எழுத்து. ஒரு எழுத்து முடிந்த இடத்தில் இருந்தே அடுத்த எழுத்து கிளம்ப வேண்டும், பேனா காற்றில் அலைகிற நேரம் குறைய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அழகாக வந்தால் நல்லது, வராவிட்டாலும் கர்சிவ் கர்சிவ்தான். என் டாக்டர் எழுதுவதும் கர்சிவ்தானே.

ஊரில் நாங்கள் படித்தபோது கர்சிவ் என்பது இங்கிலீஷ் பீரியடில் கையெழுத்துப் போட்டிக்காக எழுதுவது. ஹோம்வொர்க் நோட்டில் அப்படி எழுதுவோம், பரீட்சையில் நேரம் ஓடும்போது எல்லாவற்றையும் பிரித்துக் கிறுக்கிவிட்டு வருவோம். இங்கே தலைகீழ். ஆறு வயதில் முதல் வகுப்பில் (சே-பே என்று சொல்வார்கள்) பிள்ளை எழுதத் தொடங்குவதே சேர்த்துத்தான். அச்செழுத்து படிப்பதற்கு, சேர்த்தெழுத்து எழுதுவதற்கு. 2013இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகமே இரண்டு மாதிரி கர்சிவ் எழுத்துருக்களை வெளியிட்டது. அதே காலத்தில் பின்லாந்து 2016 பாடத்திட்டத்தில் சேர்த்தெழுதுவதைக் கட்டாயம் இல்லை என்று விட்டுவிட்டது, அமெரிக்காவில் பல மாநிலங்கள் கைவிட்டுவிட்டு இப்போது மறுபடி கொண்டுவருகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் அசையவே இல்லை.

இப்போது சேர்க்கிற விதம். ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளே வருகிற வழி ஒன்று, வெளியே போகிற வழி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான எழுத்துகளின் வெளிவாசல் கீழே, கோட்டின் மேல் இருக்கிறது. அங்கிருந்து ஒரு சின்ன ஏற்றம் ஏறி அடுத்த எழுத்துக்குப் போகலாம். ஓ, பி (அதே பந்து பி), வி, டபிள்யூ இந்த நான்குக்கு மட்டும் வெளிவாசல் மாடியில். முடியும்போது பேனா மேலே இருக்கும், அங்கிருந்தே பாலம் போட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டும். ஆரம்பப் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். ஓ எழுதி முடித்ததும் பழக்கதோஷத்தில் பேனாவைக் கீழே இழுத்துக்கொண்டு வந்து பிறகு ஏறுவார்கள், பார்த்தால் அது ஓ-வாகவே இருக்காது, ஏ ஆகிவிடும். என் மகளுக்கு இதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. "ஓ கையை மேலதான் நீட்டும், காலை நீட்டாது" என்று ஒரு நாள் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அது பிடித்துக்கொண்டது.

பேனாவை எடுக்கவே கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏ, சி, ஓ, ஜி போன்ற உருண்டை எழுத்துகளுக்கு முன்னால் கொஞ்சம் தூக்கிவிட்டு, உருண்டையின் வலது மேல் ஓரத்தில் போய்த் தொடங்குவதைத்தான் இங்கே பல டீச்சர்கள் சொல்லித் தருகிறார்கள். தூக்காமல் போனால் போன கோட்டின் மேலேயே திரும்பி வரவேண்டும், அது தடித்துப்போகும். ஐ-யின் புள்ளி, டீ-யின் குறுக்குக் கோடு, பிரெஞ்சுக்கே உரிய அந்தத் தலைக்குறிகள் எல்லாம் சொல் முழுவதும் முடிந்த பிறகு. நடுவில் நிறுத்திப் புள்ளி வைத்தால் ஓட்டம் போச்சு.

அந்தப் புள்ளிக்கு ஒரு கதை இருக்கிறது. எம், என், யு, ஐ நான்கையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். எல்லாமே ஒரே மாதிரியான குச்சிகள். 'மினிமம்' என்று ஆங்கிலத்தில் கர்சிவில் எழுதிவிட்டுப் புள்ளிகளை மட்டும் விட்டுவிடுங்கள், வேலி மாதிரி இருக்கும். ஐரோப்பாவில் கையால் புத்தகம் படியெடுத்த காலத்தில் இந்த வேலிக்குள் ஐ எங்கே என்று தெரிவதற்காகத்தான் அதன் தலையில் குறி போட்டார்கள், அது தேய்ந்து புள்ளி ஆனது. நம் கதை நேர் எதிர். தமிழில் மெய்யெழுத்துக்குப் புள்ளி தொல்காப்பியத்திலேயே உண்டு, ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுகிறவர்கள் வைக்காமலே விட்டார்கள். ஒருவர் படிப்பதற்காகப் புள்ளியைச் சேர்த்தார், இன்னொருவர் ஓலைக்காக விட்டார். நீளமான நேர்கோடும் ஓலையை நார்வாக்கில் பிளக்கும், நம் எழுத்து உருண்டு திரண்டு நிற்பதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

சனிக்கிழமைகளில் சேன் ஆந்த்ரேயில் ஒரு சங்கத்தின் கூடத்தில் தமிழ் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் மலபார் பிள்ளைகள் (இங்கே தமிழ் வம்சாவளியினருக்கு அதுதான் பெயர், கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு, தமிழ் என்றால் கோயில். முதல் வகுப்பில் 'அம்மா' எழுதச் சொன்னேன். ஒரு பையன் அ-வின் கடைசிக் கோட்டில் இருந்து ஒரு வாலை நீட்டி ம்-இன் இடது தோளில் ஒட்டவைத்து, அங்கிருந்து மா-வுக்கு ஒரு பாலம் போட்டு, சொல் முடிந்தபிறகு திரும்பி வந்து சாவகாசமாகப் புள்ளி வைத்தான். தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் கை அப்படித்தான் பழகியிருக்கிறது, அவனுக்குச் சொல் என்றால் ஒரே கோடு.

தமிழில் எழுத்துக்கு எழுத்து பேனாவை எடுத்துவிடுகிறோம், ஓட்டம் எல்லாம் எழுத்துக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. ண, ஞ எழுதிப் பாருங்கள், எத்தனை திருப்பம், எல்லாம் ஒரே மூச்சில். ஆனால் வேகமாக எழுதவேண்டியவர்கள் சும்மா இருப்பார்களா? என் தாத்தா பத்திரம் எழுதுகிறவர். அவர் கையில் வருடம் என்பது ௵, மாதம் ௴, மேற்படி என்பதற்கு ௸, எல்லாம் ஒரே இழுப்பு. பத்திரத்தில் நூறு தடவை வருகிற சொல்லுக்கு அதுதான் கட்டுப்படியாகும். 'லை', 'னை' எல்லாவற்றுக்கும் அவர் கடைசிவரை தும்பிக்கை போட்ட பழைய வடிவத்தையே எழுதினார். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து அந்தத் தும்பிக்கையைப் பிரித்து முன்னால் ஐகாரக் கொம்பாக வைத்தது. அச்சுக்கு வசதிதான். கைக்கு என்று பார்த்தால் பழைய லை ஒரே கோடு, புதியது இரண்டு. தாத்தாவிடம் கேட்டால் "எடுத்து எடுத்து வச்சா எப்படி ஓடும்" என்பார்.

இதெல்லாம் பிள்ளைகள் சமாசாரம் என்று நினைக்கிறவர்களுக்கு, எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி கதை. அவருக்குத் தன் கொள்ளுத் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை. 1848இல் இங்கே அடிமைமுறை ஒழிந்தபிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரியில் இருந்தும் காரைக்காலில் இருந்தும் ஆயிரக்கணக்கில் ஏற்றி வந்தார்கள். இத்தீவின் அந்தக் காலத்துப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை பிரான்சின் எக்ஸ் நகரில் இருக்கிற ஆவணக்காப்பகம் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. பார்க்கலாம், படிக்கத்தான் முடியாது. எல்லாம் சாய்ந்த கர்சிவ், மை மங்கி, எம்-மும் என்-னும் யு-வும் வேலியாக நிற்கும். அவர் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார், நான் எழுத்தைத் தேடினேன்.

மாட்டிக்கொண்டது ஒரு இடத்தில்தான். பெயருக்கு நடுவில் எஃப் மாதிரி நெடிதாக ஒரு எழுத்து. சாமி என்று முடிகிற பெயரில் எங்கிருந்து எஃப்? அப்புறம் பிடிபட்டது. பிரெஞ்சில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் அதை இஸட் ஓசையில் படிப்பார்கள். ராமசாமியை அப்படி ஆகாமல் காப்பாற்ற எழுத்தர்கள் இரண்டு எஸ் போட்டார்கள், அதனால்தான் இங்கே ராமசாமியும் முத்துசாமியும் இன்றைக்கும் இரட்டை எஸ்ஸோடு குடும்பப் பெயர்களாக இருக்கிறார்கள். பழைய கை பழகிய சில எழுத்தர்கள் அந்த இரண்டில் முதல் எஸ்ஸை நெடிதாக இழுத்து எழுதுவார்கள். எங்கள் எஃப் அந்த எஸ்தான். எழுத்தறியாத ஒரு மனிதர் தன் பெயரை வாயால் சொல்ல, தமிழறியாத ஒருவர் காதில் விழுந்ததை எழுதியது. அன்றைக்கு அந்தப் பேனா போன போக்குதான் இன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் கதவு மணியின் மேல் இருக்கிற பெயர்.

எண்களையும் சொல்லிவிடுகிறேன், காசு விஷயம். இங்கே 1-க்கு இடப்பக்கம் நீளமாக ஏறுகோடு போடுவார்கள், நம் கண்ணுக்கு அது 7. அவர்கள் 7-க்கு நடுவில் குறுக்காக வெட்டு இருக்கும். வந்த புதிதில் சந்தையில் லிச்சிப் பழத்துக்கு எழுதியிருந்த விலையைப் பார்த்து, இந்த ஊரில் பழமே சாப்பிட முடியாதோ என்று வெறும் பையோடு திரும்பி வந்தேன்.

இனி பேனா. பிள்ளைக்கு எந்தப் பேனா வாங்குவது என்பது இரண்டாவது போன் கால்.

சேர்த்து எழுத வேண்டுமானால் பேனா வழுக்கிக்கொண்டு போகவேண்டும், கை அழுத்தக் கூடாது. மை பேனாவில் நிப்பின் நடுவே இருக்கிற பிளவில் மை தானாக ஊறி இறங்கும், காகிதத்தைத் தொட்டாலே போதும், கோடு விழும். பால்பாயிண்டில் மை கெட்டியான எண்ணெய்ப் பசை, குண்டு உருண்டால்தான் வரும், உருள அழுத்தம் வேண்டும். அதனால்தான் பால்பாயிண்டில் நாலு பக்கம் எழுதினால் கட்டைவிரல் வலிக்கிறது. ஒரு சோதனை செய்யுங்கள். எழுதிய தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், மேடு மேடாகத் தட்டுப்பட்டால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். என் தாள் இன்னும் தட்டுப்படுகிறது. வெள்ளை உடம்பும் நீல மூடியுமாக ரெனால்ட்ஸ் வைத்து எழுதி வளர்ந்த தலைமுறை, என்ன செய்ய.

பிரெஞ்சுப் பள்ளிகளில் பால்பாயிண்டை அனுமதித்ததே 1965 செப்டம்பரில்தான். அதுவரை இரும்பு நிப்பை ஊதா மையில் தொட்டுத் தொட்டு எழுதினார்கள், இறங்குகிற கோடு தடித்தும் ஏறுகிற கோடு மெலிந்தும் வரும். பால்பாயிண்ட் வந்ததும் அந்தத் தடிப்பும் மெலிவும் போயின, எல்லாக் கோடும் ஒரே பருமன். மார்செல் பிக் என்பவர் 1950இல் கொண்டுவந்த ஆறுபட்டைக் கண்ணாடிப் பேனாதான் இதற்கெல்லாம் பெரிய காரணம், இங்கே எந்தப் பால்பாயிண்டையும் பிக் என்றே சொல்லிவிடுவார்கள். அதன் உடம்பின் நடுவே ஊசித்துளை ஒன்று இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? மை குறையக் குறைய உள்ளே காற்று போவதற்கு அது. மூடியின் நுனியில் இருக்கிற ஓட்டை வேறு காரணத்துக்கு. பிள்ளை மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் கொஞ்சம் மூச்சு போகட்டும் என்று.

பள்ளிப் பட்டியலில் மை பேனா என்று போட்டிருந்தால் கூடவே எஃபசேர் என்று ஒன்றும் இருக்கும். பிள்ளைகளின் நீல மையை இந்தக் குச்சியால் தடவினால் மறைந்துவிடும். மை எங்கும் போகவில்லை, குச்சியில் இருக்கிற ரசாயனம் அதன் நிறத்தை மட்டும் கலைத்துவிடுகிறது. அதனால் தடவிய இடத்தில் அதே பேனாவால் திரும்ப எழுத முடியாது, அதுவும் மறைந்துபோகும். குச்சியின் மறுமுனையில் அதற்கென்றே அழியாத நீலம் இருக்கிறது. மகள் இதைக் கண்டுபிடிக்கும்வரை வீட்டில் ஒரே அழுகை.

தேய்த்தால் அழிகிற ஜெல் பேனா இன்னொரு வகை, பெரிய பிள்ளைகள் எல்லார் பையிலும் இருக்கும். அதில் ரப்பர் வேலை செய்வது தேய்ப்பால் அல்ல, தேய்க்கும்போது வருகிற சூட்டால். 60 டிகிரியைத் தாண்டினால் அந்த மை நிறமற்றுப் போகும். இது எனக்குத் தெரியாது. ஒரு வருஷத்துச் சங்கக் கணக்கை, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று, அந்தப் பேனாவில் எழுதி வைத்திருந்தேன். ஜனவரி மாதம், மேற்குக் கரையில் கடற்கரை ஓரம் காரை வெயிலில் நிறுத்திவிட்டுப் போனோம், நோட்டு முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. திரும்பி வந்து திறந்தால் வெள்ளைத் தாள். பேனா அழுத்திய தடம் மட்டும் தெரிகிறது. வீட்டுக்காரர் எங்கேயோ படித்துவிட்டு நோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் மீனுக்கு மேலே வைத்தார். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் எழுத்து வந்திருக்கிறது, கொஞ்சம் வெளிறி. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 இருக்கும், அந்தக் குளிரில் நிறம் திரும்புமாம். கூடவே நான் தப்பாகப் போட்டுத் தேய்த்து அழித்த பழைய கூட்டல்களும் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன, எது சரி எது தப்பு என்று பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. செக், ஒப்பந்தம், பரீட்சைத் தாள் எதிலும் இந்தப் பேனா வேண்டாம்.

எனக்குப் பிடித்தது? தாத்தாவின் ஹீரோ பேனா. நிப்பில் நுனி மட்டும் வெளியே தெரியும், மற்றதெல்லாம் மூடியிருக்கும். விமானத்தில் கொண்டு வருவதாக இருந்தால் மையை முழுக்க நிரப்புங்கள், இல்லாவிட்டால் முழுக்கக் காலி செய்யுங்கள். பாதி இருந்தால் உள்ளே இருக்கிற காற்று மேலே போகப் போக விரிந்து மையை வெளியே தள்ளும். தமிழுக்கு இந்த மெல்லிய நிப் அருமையாக இருக்கிறது, ழ-வின் வயிறு அடைத்துக்கொள்ளாது. பிரெஞ்சுக்குக் கொஞ்சம் தடித்த நிப்தான் சுகம். மலிவுத் தாளில் எந்த மையும் ஊறிப் பரவும், பேனாவைக் குறை சொல்லும் முன் ஒரு தடவை நல்ல தாளில் எழுதிப் பாருங்கள்.

தொடங்குகிறவர்கள் எழுத்தில் தொடங்க வேண்டாம். முதல் பத்து நிமிஷம் செய்யேஸ் தாளில் ஒரு வரி முழுக்கக் கொக்கி, எல் எல் எல் என்று மூன்று இடைவெளி உயரத்துக்கு, தூக்காமல். அடுத்த வரி அதையே ஒரு இடைவெளிக்கு, அது தானாக ஈ ஆகிவிடும். வலது கைக்காரர்கள் தாளை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள், இடது கைக்காரர்கள் எதிர்ப்பக்கம், சீக்கிரம் காய்கிற மையாகவும் பாருங்கள். "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது" என்று ஊரில் இருந்து யாராவது போனில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் மகள் புதுப் பேனா வாங்கினால் முதலில் பிள்ளையார் சுழிதான் போட்டுப் பார்க்கிறாள். போன வாரம் பார்க்கிறேன், அந்தச் சுழியின் வாலைத் தூக்காமல் அப்படியே இழுத்துக்கொண்டுபோய்த் தன் பெயரின் முதல் எழுத்தில் சேர்த்திருக்கிறாள்.